வீட்டுக் காபி, டீ, பானகம்: டெல்டா வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நம் பக்கத்து வீடுகளில் காபி, டீ, வெயில்காலப் பானங்கள் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை. புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள் கேட்டவை பாதி, வெளியூருக்குப் போய் அம்மா கைக் காபிக்கு ஏங்குகிறவர்கள் கேட்டவை மீதி. காபிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன், தப்பு நடக்க அதில்தான் இடம் அதிகம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் போடும் பானம் பெரும்பாலும் சூட்டால்தான் கெடுகிறது. எதைக் கொதிக்க விடுவது, எதை எந்த நிமிடத்தில் இறக்குவது என்று பிடிபட்டுவிட்டால் விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவைப்படாது.

கும்பகோணம் டிகிரி காபியை வீட்டில் போட முடியுமா?

தாராளமாக. தண்ணீர் கலக்காத புதுப்பால், அந்த வாரம் வறுத்து அரைத்த பொடி, முதல் டிக்காஷன். இந்த மூன்றும் இருந்தால் போதும். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் இப்போது கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்துப் பித்தளை டபராவில் கொடுக்கிறார்கள். பித்தளை டபரா பார்க்க அழகு, கும்பகோணத்துக்கே உரிய கைவேலை, நானும் ஆசையாக வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் ருசி பாலிலிருந்தும் பொடியிலிருந்தும்தான் வரும்.

பாலைப் பற்றி ஒரு விஷயம். பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியை விட்டுப் பார்த்தால் நல்ல பசும்பால் 28 முதல் 32 வரை காட்டும். தண்ணீர் கலந்தால் எண் இறங்கும். ஆனால் கொழுப்பை எடுத்துவிட்டால் எண் ஏறும். அதனால் ஆடையை எடுத்துவிட்டு அளவாகத் தண்ணீர் ஊற்றிய பாலும் 'நல்ல பால்' என்று தேறிவிடும். மானியை மட்டும் நம்பாமல், காய்ச்சி ஆறிய பாலில் ஆடை எப்படிப் படிகிறது என்றும் பாருங்கள்.

பாக்கெட் பால்தான் கிடைக்கிறது என்றால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், நீலத்தில் 3 சதவீதம். ஆரஞ்சு மட்டும் போட்டால் காபி வாசனையைப் பால் அமுக்கிவிடுவதாக எனக்குத் தோன்றும். இரண்டையும் சரிபாதி கலந்தால் நாலரை சதவீதம் வரும். என் நாக்குக்கு அதுதான் சரி.

என்ன கொட்டை கேட்டு வாங்க வேண்டும்? சிக்கரி எவ்வளவு?

பொடிக் கடையில் பிளாண்டேஷன் ஏ, பீபரி, ரோபஸ்டா என்று கேட்பார்கள். பிளாண்டேஷன் என்பது பழத்தின் சதையை நீக்கிக் கழுவி உலர்த்திய அராபிகா வகைக் கொட்டை, ஏ என்பது கொட்டையின் அளவு. காபிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் இருக்கும். சிலதில் ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்திருக்கும், அதுதான் பீபரி. உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராக உருண்டு வறுபடும். ரோபஸ்டா இன்னொரு வகைக் கொட்டை, கெட்டியும் கசப்பும் தரும், வாசனை குறைவு. அராபிகாவில் காபீன் ஏறத்தாழ 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் அதற்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பாதி பீபரி, பாதி பிளாண்டேஷன் ஏ என்று வாங்குவது நம் பக்கத்தில் பழைய வழக்கம், அதில் தப்பே வராது. காரமான காபி பிடிக்கும் வீட்டில் கால் பங்கு ரோபஸ்டா சேர்க்கலாம்.

சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. அதில் காபீன் கிடையாது. வேரில் இருக்கும் இனுலின் என்ற நார்ச்சத்து வறுபடும்போது கருகிய சர்க்கரையின் நிறத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது, டிக்காஷன் பாகு மாதிரி நிற்கிறது. சிக்கரி கலப்படம் என்று முகம் சுளிப்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. பாலோடு குடிக்கும் காபிக்கு 15 முதல் 20 சதவீதம் சிக்கரி ஒரு குறையும் வைக்காது. அதற்கு மேல் போனால் காபியின் மணம் பின்னுக்குப் போய்விடும். கடைப் பாக்கெட்டை வாங்கினால் பின்பக்கம் பாருங்கள். சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதும், இரண்டின் அளவையும் அச்சிட வேண்டும் என்பதும் விதி. 53க்கு 47 என்று போட்டிருந்தால் அது சட்டப்படி சரி, காபிப் பிரியருக்குச் சரியில்லை.

ஒரு தடவைக்கு எவ்வளவு பொடி வாங்கலாம்?

ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும். இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு 200 கிராம். அரைத்த நிமிடத்திலிருந்து மணம் பறக்கத் தொடங்கிவிடுகிறது. கடையிலேயே வறுத்து கண்ணெதிரே அரைத்துத் தரும் இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே போங்கள். பொட்டலம் கையில் வரும்போது சூடாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் ஆறவிட்டு, பிறகு இறுக்கமான டப்பாவில் போட்டு மூடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரக் கரண்டி ஒரு தடவை உள்ளே போனால் பொடி கட்டி தட்டிவிடும். பிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுக்கும்போதெல்லாம் டப்பாவுக்குள் வியர்க்கும், மற்ற சாமானின் வாடையும் ஏறும்.

கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக டிக்காஷன் இறங்க என்ன செய்ய வேண்டும்?

இரண்டு டம்ளர் காபிக்கு 25 கிராம் பொடி, 150 மி.லி. தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிடும், கீழே 100 மி.லி. டிக்காஷன் கிடைக்கும்.

பில்டர் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டுப் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிச் சமப்படுத்துங்கள். கையால் அமுக்க வேண்டாம். குடையை, அதாவது காம்பு வைத்த துளைத் தட்டை, மேலே லேசாக வையுங்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து, முதலில் இரண்டு மேஜைக்கரண்டி மட்டும் சுற்றிலும் ஊற்றுங்கள். புதுப்பொடி என்றால் இந்த இடத்தில் குடையின் ஓரத்தில் நுரை கொப்புளித்து மேலே வரும். பொடிக்குள் தங்கியிருந்த காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். நுரையே வரவில்லை என்றால் பொடி பழசு, கடைக்காரரிடம் கேளுங்கள். அரை நிமிடம் கழித்து மீதித் தண்ணீரை ஒரே இடத்தில் கொட்டாமல் மெதுவாக விட்டு மூடி போட்டுவிடுங்கள்.

பிறகு தொடாதீர்கள். 20 நிமிடத்திலிருந்து 40 நிமிடத்துக்குள் இறங்கி முடியும். முதல் பாதியில்தான் சாரம் முழுக்க இருக்கிறது, கடைசியில் வருவது நிறம் மட்டும்.

இரவே போட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா என்று கேட்பார்கள். விடியற்காலை பஸ் பிடிக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியில்லை, போடலாம். ஆனால் அரைமணி முன்னால் எழுந்து போட்ட டிக்காஷனின் வாசனை அதில் வராது.

டிக்காஷன் இறங்கவே மாட்டேன் என்கிறதே? சிலசமயம் மளமளவென்று இறங்கிவிடுகிறதே?

இறங்காமல் நின்றால் முதலில் மேல் பாத்திரத்தைப் பிடித்து லேசாகத் திருகித் தூக்கி மறுபடி வையுங்கள். இரண்டு பாத்திரமும் காற்றுப் புகாமல் கவ்விக்கொண்டால், கீழே அடைபட்ட காற்று போக வழியில்லாமல் சொட்டுவது நின்றுவிடும். அதுவும் இல்லையென்றால் பொடி மைதா மாதிரி அரைபட்டிருக்கிறது, அல்லது துளைகள் அடைத்திருக்கின்றன. எவர்சில்வர் பில்டரின் மேல் பாத்திரத்தை இடுக்கியில் பிடித்து அடுப்புத் தணலில் காட்டினால் துளையில் சிக்கிய தூள் எரிந்து உதிரும். பிறகு தட்டிவிட்டுக் கழுவுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் துளை அடைக்காது.

ஐந்தே நிமிடத்தில் இறங்கிவிட்டால் பொடி கொரகொரப்பு. கடையில் 'பில்டருக்கு அரைத்துக் கொடுங்கள்' என்று சொல்லி வாங்குங்கள், ரவையை விடச் சன்னமாக இருக்க வேண்டும்.

பித்தளை பில்டர் நல்லதா, எவர்சில்வர் நல்லதா?

பித்தளை சூட்டை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். டிக்காஷனுக்குப் புளிப்புத்தன்மை உண்டு, பூச்சு போன பித்தளையில் செம்பு கரைந்து இறங்கும், நாக்கில் உலோக ருசி தட்டும். பாட்டி காலத்துப் பில்டர் பரணில் இருந்தால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து வாங்கிய பிறகு பயன்படுத்துங்கள். ஈயம் பூசியதை எக்காரணத்தைக் கொண்டும் தணலில் காட்டாதீர்கள். பூசுவது வெள்ளீயம், அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

தினசரிக்கு எவர்சில்வர் போதும்.

எங்கள் ஊரில் தண்ணீர் உப்பு. காபி சப்பென்று இருக்கிறது.

நாகப்பட்டினம், வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். கடலோர நிலத்தடி நீரில் காபியும் நிற்காது, டீயும் நிற்காது. கொள்ளிடம் கூட்டுக் குடிநீர் வரும் நாளில் ஒரு குடத்தைக் காபிக்கென்று தனியாகப் பிடித்து வையுங்கள். உப்பை மட்டுமல்ல, கொதிக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்புச் சத்தையும் கவனியுங்கள். அது அதிகமான தண்ணீர் காபியின் இயல்பான மெல்லிய புளிப்பை அடித்துவிடும், மணமும் மங்கும். கேன் தண்ணீரில் இதற்கு நேர் எதிர்க் குறை. தாது முழுக்கப் போன தண்ணீர், சாரத்தைச் சரியாக இழுக்காது. ஊர்த் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் பாதிப் பாதி கலந்து போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் வாயிலேயே தெரியும்.

பாலை எப்படிக் காய்ச்சுவது? எந்த வரிசையில் கலப்பது?

பாத்திரத்தில் ஒரு கை தண்ணீர் விட்டு அலசி, அந்த ஈரத்தோடு பாலை ஊற்றுங்கள், அடிப்பிடிக்காது. நடுத்தர தணலில் வைத்து, பொங்கி எழும் முதல் தடவையிலேயே இறக்கிவிடுங்கள். காபிக்குப் பால் சுண்டக் கூடாது. சுண்டின பாலில் ஒரு பால்கோவா வாசனை வரும், பாயசத்துக்கு அது அருமை, காபியில் குறுக்கே நிற்கும். ஏற்கெனவே காய்ச்சி ஆறவைத்த பாலை மறுபடி மறுபடி சூடுபண்ணினாலும் இதே கதை. கறந்த பால் வாங்குகிறவர்கள் பொங்கவிடாமல் குடிக்கவே கூடாது, மாட்டிடமிருந்து வரும் காய்ச்சல் கிருமிகள் பச்சைப் பாலில் இருக்கலாம்.

கலக்கும் வரிசை: டம்ளரில் சர்க்கரை, அதன்மேல் டிக்காஷன் 50 மி.லி., அதன்மேல் பொங்கிய பால் 100 மி.லி. டிக்காஷனைச் சூடுபண்ணாதீர்கள். பாலின் சூடே அதற்குப் போதும். டிக்காஷனைக் கொதிக்க வைத்தால் மணம் ஆவியாகப் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும்.

இனி ஆற்றுவது. டம்ளரிலிருந்து டபராவுக்கு ஒரு முழ உயரத்தில் ஒரு தடவை, டபராவிலிருந்து டம்ளருக்கு ஒரு தடவை, மறுபடி ஒரு சுற்று. அவ்வளவுதான். சர்க்கரை கரைந்திருக்கும், மேலே நுரை ஒரு விரற்கடை நிற்கும், வாய் வைக்கிற சூட்டுக்கு வந்திருக்கும். மேலே மேலே ஆற்றிக்கொண்டே போனால் நுரை ஏறும், காபி ஆறிப்போகும். நுரைக்காகக் காபியைப் பலி கொடுக்க வேண்டாம்.

மிஞ்சிய டிக்காஷனைச் சாயங்காலம் பயன்படுத்தலாமா? இரண்டாம் டிக்காஷன்?

காலையில் இறங்கியதை மூடி வைத்துச் சாயங்காலம் பயன்படுத்தலாம். அடுப்பில் ஏற்றாமல், டம்ளரில் ஊற்றிச் சுடுதண்ணீருக்குள் ஐந்து நிமிடம் உட்கார வைத்தால் இளஞ்சூடு வந்துவிடும். பிரிட்ஜில் ஒரு நாள் தாங்கும்.

அதே பொடியில் மறுபடி தண்ணீர் விட்டு இறக்கும் இரண்டாம் டிக்காஷனில் நிறமும் கசப்பும் தவிர வேறு ஒன்றும் இருக்காது. முதல் டிக்காஷனோடு கால் பங்கு சேர்த்து வீட்டு மனிதர்களுக்குப் போடலாம். வீடு தேடி வந்தவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

இஞ்சி டீயில் பால் திரிந்துவிடுகிறது. கருப்பட்டிக் காபியிலும் அப்படியே. ஏன்?

இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அது 60, 70 டிகிரிச் சூட்டில்தான் முழு வேகத்தில் வேலை செய்யும், கொதியில் செத்துவிடும். இஞ்சியைப் பாலில் போட்டு மெதுவாகச் சூடேற்றினால் அது வேலை செய்ய நாமே நேரம் கொடுத்ததாகிவிடும். இஞ்சியை நசுக்கி வெறும் தண்ணீரில் மூன்று நான்கு நிமிடம் நன்றாகக் கொதிக்க விடுங்கள், பிறகு தூள், கடைசியில் பால்.

வெல்லம், கருப்பட்டியில் இருக்கும் புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் பாலைத் திரிக்கும். கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, டிக்காஷனோடு சேருங்கள். பாலைத் தனியாகக் காய்ச்சி, கொதி அடங்கி ஒரு நிமிடம் கழித்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகு அடுப்பில் வைக்காதீர்கள்.

டீக்கடை டீ வீட்டில் ஏன் வருவதில்லை?

வீட்டில் தண்ணீர், தூள், பால், சர்க்கரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க விடுகிறோம். டீக்கடையில் பால் ஒரு பக்கம் காய்ந்துகொண்டிருக்கும், தூள் துணி வடிகட்டியில் இருக்கும். கொதிநீர் அதன் வழியாக இறங்கிக் கிளாஸில் பாலைச் சந்திக்கும். தூள் அடுப்பில் வேகுவதே இல்லை.

வீட்டில் அப்படியே செய்யுங்கள். ஒரு கிளாஸுக்கு ஒரு தேக்கரண்டி தூள். கொதித்த தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கித் தூளைப் போட்டு மூடி மூன்று நிமிடம் வைத்து வடிகட்டிச் சூடான பாலில் சேருங்கள். அதற்கு மேல் போனால் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். நீலகிரியிலிருந்து வரும் டஸ்ட் தூள் பாலோடு நிற்க ஏற்றது, துகள் சின்னது என்பதால் நிறமும் சாரமும் உடனே இறங்கும். இலை டீயை வாங்கினால் பால் விடாமல் குடிப்பது நல்லது.

நடவுக்கு வருகிறவர்களுக்கு வயலுக்கு டீ கொண்டுபோகிறோம். போய்ச் சேர்வதற்குள் ருசி மாறிவிடுகிறது.

பால் கலந்த டீ பிளாஸ்க்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நல்லபடியாக இருக்காது. சூட்டிலேயே கிடந்து துவர்ப்பும் பால் வாடையும் ஏறும். டீ டிக்காஷனைச் சர்க்கரை போட்டு ஒரு பிளாஸ்க்கில், பாலை இன்னொன்றில் எடுத்துப் போய் வரப்பில் வைத்துக் கலந்து கொடுங்கள். ஊற்றும் முன் பிளாஸ்க்கைக் கொதிநீரால் அலசினால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகச் சூடு நிற்கும். ஒரே பிளாஸ்க்தான் என்றால் பால் இல்லாத டீயில் எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு எடுத்துப் போங்கள். குனிந்து நாற்று நட்டு வியர்த்தவர்களுக்கு அது ரொம்ப இதம். குறுவை நடவு வெயிலில் பாலை விட அதை விரும்பிக் கேட்கிறவர்கள் நிறைய.

சுக்கு காபிப் பொடி என்ன அளவு?

மல்லி விதை 100 கிராம், தோல் சீவிய சுக்கு 50 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்தாறு. மல்லியை மட்டும் வாசனை வரும்வரை வறுத்து, சுக்கை நசுக்கிச் சேர்த்து அரைத்து வையுங்கள். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு, கருப்பட்டி சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இது கொதிக்கக் கொதிக்க நன்றாக வரும் பானம். காபித்தூள் சேர்க்க வேண்டியதில்லை. மார்கழிக் குளிரில் சாயங்கால வேளைக்கு இதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது.

கோல்ட் காபியை மிக்சியில் அடித்தால் தண்ணீராக வருகிறது.

ஐஸ் உருகித் தண்ணீராகிவிடுகிறது. டிக்காஷனையே ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். காய்ச்சிக் குளிரவைத்த பால் 150 மி.லி., கெட்டி டிக்காஷன் 60 மி.லி., அந்த ஐஸ் மூன்று நான்கு. சர்க்கரையை டிக்காஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும், குளிர்ந்த பாலில் கரையாது.

கத்திரி வெயிலுக்கு வீட்டில் என்ன வைத்துக்கொள்ளலாம்?

பானகமும் நீர்மோரும் ராமநவமிக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டோம், அது பெரிய நஷ்டம். சித்திரை முழுக்க மண்பானையில் இருக்க வேண்டியவை இவை. அய்யம்பேட்டை, கணபதி அக்ரஹாரம் பக்கம் பொங்கலை ஒட்டி அச்சு வெல்லம் காய்ச்சுவார்கள். அப்போது கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்தால் கோடைக்கு ஆகும். ஒரு பங்கு வெல்லத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர். அடுப்பில் வைக்காமல் தண்ணீரிலேயே கரையவிட்டு, துணியில் வடிகட்டி, சுக்குத்தூள், ஏலக்காய், எலுமிச்சைச் சாறு சேருங்கள். பச்சைக் கற்பூரம் கடுகளவுதான், கூடிவிட்டால் கோயில் தீர்த்தம் ஆகிவிடும். நீர்மோருக்குத் தயிர் ஒன்றுக்குத் தண்ணீர் மூன்று. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலையை அரைக்காமல் நசுக்கிப் போட்டால் மோர் பச்சை நிறமாகாது.

நன்னாரிக்கு மெனக்கெட வேண்டும், ஆனால் ஒரு பாட்டில் செய்துவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். நாட்டு மருந்துக் கடையில் 100 கிராம் வேர் வாங்கிக் கழுவி, அம்மியில் தட்டுங்கள். தோல் பிளந்து உள்ளே வெள்ளைக் குச்சி தனியாக வரும். குச்சியை எறிந்துவிடுங்கள், வாசனை தோலில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, தோலைப் போட்டு இறுக மூடி இரவு முழுக்க வையுங்கள். வேரோடு சேர்த்துக் கொதிக்க விட்டால் மணம் வீடெல்லாம் நிறையும், பாட்டிலில் இருக்காது. காலையில் வடிகட்டி, ஒரு கிலோ சர்க்கரை சேர்த்து, கரைந்து பிசுபிசுப்பு வரும்வரை மட்டும் சூடாக்கி ஓர் எலுமிச்சம்பழச் சாறு விடுங்கள், சர்க்கரை பூத்துப் போகாது. 200 மி.லி. குளிர்ந்த தண்ணீருக்கு இரண்டு மேஜைக்கரண்டி.

விருந்தாளிகளுக்கு மாக்டெயில் மாதிரி ஏதாவது? கடை சிரப் வேண்டாம்.

கும்பகோணம் வெற்றிலையை வைத்து ஒன்று சொல்கிறேன், 2025இல் புவிசார் குறியீடு கிடைத்த வெற்றிலை அது. கொழுந்து வெற்றிலை இரண்டு, காம்பும் நடு நரம்பும் கிள்ளி, ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, அரை எலுமிச்சைச் சாறு, இரண்டு மேஜைக்கரண்டி இளநீர் விட்டு அரைத்து வடிகட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் ஊற்றி, குளிர்ந்த இளநீர் 100 மி.லி., கடைசியில் சோடா. வெற்றிலையின் காரம் பின்னால் மெல்ல வரும். முற்றின இலையாக இருந்தால் கசக்கும், எடுக்காதீர்கள்.

நம் பக்கத்துப் பன்னீர் சோடாவில் எலுமிச்சையும் நசுக்கிய புதினாவும் போட்டாலே பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். எதுவாக இருந்தாலும் சோடா நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், கடைசியாகத்தான் ஊற்ற வேண்டும். சூடேறிய சோடாவில் காற்று நிற்காது.

மது சேர்த்த காக்டெயிலில் பில்டர் டிக்காஷன் பயன்படுமா?

பயன்படும். எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினி என்று ஒன்று உண்டு. 1980களில் லண்டனில் டிக் பிராட்செல் உருவாக்கியது. வோட்கா, காபி மது, எஸ்பிரெஸ்ஸோ மூன்றையும் ஐஸோடு குலுக்கி வடிப்பார்கள். எஸ்பிரெஸ்ஸோவுக்குப் பதில் நம் முதல் டிக்காஷனை ஆறவைத்து விட்டால் ருசி குறைவதில்லை, நுரை மட்டும் குறையும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: காபீன் தூக்கத்தை விரட்டுமே தவிரப் போதையை இறக்காது. தெளிவாக இருப்பதாகத் தோன்றும், வண்டியை எடுக்கக் கை போகும். ஒன்றோடு நிறுத்துங்கள், சாவியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும். விலை குறைவு என்று காரைக்காலில் வாங்கி எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம், சோதனைச் சாவடியில் பிடிப்பார்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கலாம்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளைக்கு 400 மில்லிகிராம் காபீன் வரை பாதகமில்லை, கர்ப்பிணிகளுக்கு 200க்குள் என்பது மருத்துவ உலகம் பொதுவாக ஏற்ற கணக்கு. மேலே சொன்ன அளவில் அராபிகா 80, சிக்கரி 20 என்று போட்டால் டம்ளருக்கு உச்சமாக 115 மில்லிகிராம் வரும். ஆக மூன்று டம்ளர். ரோபஸ்டா கலந்திருந்தால் இரண்டோடு நிறுத்துங்கள். உடம்பில் காபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகிறது, அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வேண்டாம். ரத்தசோகை இருப்பவர்கள் சாப்பாட்டோடு காபியோ டீயோ குடிக்கக் கூடாது, இரும்புச் சத்து சேராது. ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குக் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் சர்க்கரைதான்.

நிச்சயதார்த்தத்துக்கு 50 பேர். சமையல்காரர் வைக்கவில்லை. வீட்டுப் பில்டரில் ஆகுமா?

ஆகாது, துணியில் வடித்துவிடுங்கள். 100 மி.லி. கப் என்று கணக்குப் போட்டால் பொடி 400 கிராம், தண்ணீர் 2.3 லிட்டர், பால் மூன்றரை லிட்டர், சர்க்கரை அரைக் கிலோ. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, பொடியைப் போட்டுக் கரண்டியால் ஒரு கிண்டு கிண்டி மூடுங்கள். பத்து நிமிடத்தில் தூள் அடியில் உட்காரும். வெள்ளை வேட்டித் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மேலாக முகந்து ஊற்றுங்கள். துணியைப் பிழியாதீர்கள், கசடு இறங்கும். ஒன்றரை லிட்டர் டிக்காஷன் கிடைக்கும், மூடி தனியாக வையுங்கள். பாலை ஒரே அண்டாவில் காய்ச்சாமல் இரண்டு பங்காகப் பிரித்து, முதல் பந்திக்கு ஒன்று, மாப்பிள்ளை வீட்டார் தட்டு மாற்றி முடிக்கும்போது இன்னொன்று என்று பொங்கவிடுங்கள். மொத்தக் காபியையும் முன்னாலேயே கலந்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தால் அரைமணியில் ஆடை கட்டிக் காபி பழுப்படைந்துவிடும். சர்க்கரை இல்லாமல் கேட்பவர்கள் பத்துப் பேராவது இருப்பார்கள், அவர்களுக்குக் கப்பில் கடைசியாகக் கலக்கும் வசதியும் இதனால் கிடைக்கும்.